கடல் தெரியும் மண்டபம்

அருண்பிரசாத் ஐந்தரைக்கு எழுந்தான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். காபி குடித்தான். தொட்டியில் கிடந்த இரும்புச் சட்டியைக் கொஞ்ச நேரம் தேய்த்தான். அடியில் கருகி ஒட்டியிருந்தது இன்றும் வரவில்லை. சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் குளித்தான். ஷிப்ட் சங்கு ஊதும்போது குவார்ட்டர்ஸைப் பூட்டினான்.

மனைவி ஹரிணி போனதிலிருந்து இதுதான் காலை.

எதிர் வீட்டுப் பெரியநாயகி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். சேத்தியாத்தோப்புக்காரர்.

“இன்னிக்குப் பாண்டிக்காமே தம்பி?”

“ஆமாக்கா. மாநாட்டுக்கு மண்டபம் பாக்க.”

“அப்பிடியே கடலப் பாத்துக்கினு வாங்க. மறந்துடாதீங்க.”

ஹரிணி சமையலறையில் மயங்கி விழுந்த அன்று அவன் சுரங்கத்துக்குள் இருந்தான். ஆம்புலன்ஸில் கூடப் போனது பெரியநாயகிதான். வழியில் ஹரிணி கண் திறந்து சொன்ன கடைசி வார்த்தை பிளாக் முழுக்கத் தெரியும். ‘அவரக் கடலைப் பாக்கச் சொல்லுங்கக்கா. தீந்துடும்.’ துக்கம் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் அர்த்தம் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. ஏன் கடல் என்று மட்டும் தோன்றியது. அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இருந்தாலும் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். பாண்டிச்சேரி பஸ் தினமும் கண்ணெதிரே போயிற்று. அவன் ஏறவில்லை. போய்ப் பார்த்தும் தீரவில்லை என்றால் அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

விஷயம் டி.ஜி.எம். செந்தில்நாதன் காதுக்கும் போயிற்று. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்றுவது பற்றிய மாநாடு வருஷா வருஷம் டவுன்ஷிப்பிலேயே நடக்கும். இந்த முறை பாண்டிச்சேரி என்று எழுதி, மண்டபம் பார்க்கும் வேலையை அவனிடம் கொடுத்தார்.

“கடல் தெரியணும். அதுதான் முக்கியம்.” குரலைத் தாழ்த்தினார். “தூத்துக்குடி மாவட்டம்தானே அவங்க? ஊர் ஞாபகம் வந்திருக்கும்.”

“கோவில்பட்டி சார். அங்க கடல் கிடையாது.”

“மனசுல இருக்கும்பா.”

பண்ருட்டியில் ஏறிய பலாப்பழம் ஒன்று பாண்டிச்சேரி வரை அவன் முழங்காலில் சாய்ந்து வந்தது.

ஹோட்டல் விளம்பரத்தில் பக்கம் முழுக்கக் கடல் இருந்தது. மண்டபத்தில் இல்லை. மேலாளர் விஜயராஜ் அவனைக் கழிவறைக்குக் கூட்டிப்போனார். வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால் ஜன்னலில் ஒரு நீலக் கோடு தெரிந்தது.

“சீ வியூ சார். ஒவ்வொருத்தரா வந்து பாத்துக்கலாம்.”

அவன் இறங்கிக்கொண்டதும், தங்களுக்கே இன்னொரு மண்டபம் இருக்கிறது என்றார். அது முழுக்கக் கண்ணாடி. கடல் கண்ணைக் கூச வைத்தது. அந்த வெளிச்சத்தில் திரையில் படம் தெரியவில்லை. கறுப்புத் துணி கட்டிக் காட்டினார். படம் வந்தது, கடல் போயிற்று. பாதி கட்டக் கூடாதா என்று செந்தில்நாதன் போனில் கேட்டார். கட்டினார்கள். பாதிப் படமும் பாதிக் கடலும் தெரிந்தன.

கடைசியில் கடற்கரையை ஒட்டிய புல்வெளியில் பந்தல் என்று முடிவாயிற்று. அங்கே காற்று நாற்காலிகளைச் சாய்த்தது. காற்றைத் தடுக்கப் பள்ளம் தோண்டிக் கடல் பக்கம் தகரம் நட்டார்கள்.

“தகரத்துக்கு அந்தாண்ட கடல்தான் சார். சத்தம் நல்லாவே கேக்கும்” என்றார் விஜயராஜ்.

எதிலும் பிடிவாதம் பிடிக்காத அருண்பிரசாத் இதில் பிடித்தான். தகரத்தில் ஒரு ஜன்னல் வெட்டச் சொன்னான்.

மாநாட்டன்று அந்த ஜன்னல் வழியாக வந்த காற்று பேனரைப் பிய்த்துக்கொண்டு போனது. மதியம் கடல் ஏறியது. தகரம் நட்ட பள்ளத்தில் தண்ணீர் புகுந்து, மெதுவாகப் பந்தலுக்குள் பரவியது. தண்ணீர் வெளியேற்றும் நிபுணர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும் என்று விவாதித்தார்கள். இரண்டு கருத்து இருந்தது. அதற்குள் தோட்டக்காரர் செடிக்கு ஊற்றும் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டார்.

செந்தில்நாதன் ஷூவைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“கடல் தெரியணும்னுதான் சொன்னேன். உள்ள கூட்டிட்டு வரச் சொல்லல.”

“சாரி சார்.”

“போப்பா. போய்ப் பாத்துட்டு வா. அதுக்குத்தானே இவ்வளவும்.”

மண்டபம் தேடியபோது கண்ணில் பட்டதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. தகரத்தைச் சுற்றிக்கொண்டு போய் நின்றான். அலை வந்தது, போயிற்று. இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று நின்றான். பேண்ட் நனைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. திரும்பும்போது, பெரியநாயகி ஆதாரம் கேட்பார் என்று தள்ளுவண்டியில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டான்.

அவன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அவர் வந்துவிட்டார்.

“பாத்துக்கினு வந்தீங்களா தம்பி?”

“பாத்தேன்க்கா.”

“தீந்துச்சா?”

“இல்லக்கா.”

அவன் பொட்டலத்தை நீட்டினான். பிரித்துப் பார்த்தார்.

“மல்லாட்டையா?”

“கடலைக்கா. பீச்சுல வறுத்துக்கிட்டிருந்தாங்க.”

பெரியநாயகியின் கை நின்றது.

“இதயா கடலைன்னுவீங்க?”

“நாங்க அப்படித்தான் சொல்லுவோம். ஹரிணிக்கு மல்லாட்டைன்னா என்னன்னே தெரியாது.”

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அவனைத் தாண்டி, தொட்டியோரம் கவிழ்ந்திருந்த இரும்புச் சட்டியைப் பார்த்தார். அன்று யாரும் அணைக்காமல் விட்ட அடுப்பில் இருந்த சட்டி. அவர் கணவர்தான் புகைக்குள் புகுந்து இறக்கி வைத்தவர்.

“தம்பி, தீந்துடும்னு நாந்தான் மாத்திச் சொன்னேன். கடலு எப்பிடித் தீயும், வலில ஒளறுதுன்னு நெனச்சேன்.” முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு சொன்னத அப்பிடியே சொல்லட்டா?”

அவன் தலையாட்டினான்.

“‘அவர அந்தக் கடலை பாக்கச் சொல்லுங்கக்கா. தீஞ்சிரும்.’”