மொட்டைக் காரும் நாலாவது ஹெட்செட்டும்

“மாவு மில்லுல நிக்கீகளா அண்ணாச்சி?” என்று விருதுநகரிலிருந்து செந்தூர்பாண்டி கேட்டபோது, அய்யாதுரை புதிதாக வாங்கிய காரில் தம் பட்டாசுக் கம்பெனிக்குப் பறந்துகொண்டிருந்தார்.

“மில்லு இல்ல அண்ணாச்சி, காத்து! காருல வாரேன்!”

“ஒரு எழவும் கேக்கல. மாவ அரைச்சு முடிச்சிட்டுக் கூப்பிடுங்க.”

போன் வைக்கப்பட்டது. செந்தூர்பாண்டி எண்ணெய் வியாபாரி. அவர் மகன் மணிகண்டராஜுக்குத்தான் அய்யாதுரை தம் ஒரே மகள் பிரீத்திகாவைப் பேசி வைத்திருந்தார். பையனைப் பிடித்திருக்கிறது என்று பிரீத்திகாவே வாய்விட்டுச் சொல்லியாயிற்று. நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. இந்த நேரத்தில் சம்பந்தியைக் கோபப்படுத்துகிறவனைப் போல ஒரு மடையன் உண்டா?

குற்றம் காரின் மேல்தான். கூரை திறந்து மூடும் சிவப்புக் கார். கோயம்புத்தூரில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் பார்த்த மாத்திரத்தில் மயங்கி, கையோடு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சிவகாசி ஒரே நாளில் அதற்கு ‘மொட்டைக் கார்’ என்று பெயர் வைத்துவிட்டது.

போனை விட்டுத் தொலைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கூடாது. முதலாளியானாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் பேசினால் மகள் காதில் விழும். ஆக, கல்யாண விஷயத்தை மனம்விட்டுப் பேச அவருக்கு இருந்த ஒரே தனியிடம் அந்தக் கார்தான்.

“கூரைய மூடிட்டுப் பேசினா குறைஞ்சா போயிருவீக?” என்றாள் மனைவி செல்லக்கனி.

“மூடி வைக்கதுக்கா அம்புட்டுத் தூரம் போயி வாங்குனேன்?”

மறுநாள் செல்போன் கடைக்குப் போனார். கடையில் இருந்த கீர்த்திகா விவரமான பெண். காதுக்குள் செருகும் இரண்டு குட்டி உருண்டைகளை எடுத்து வைத்தாள்.

“புளூடூத்து அண்ணாச்சி. வயரே கிடையாது.”

வயர் இல்லாததுதான் வினையாகிப் போனது. சாத்தூர் ரோட்டில் போகும்போது செந்தூர்பாண்டி உற்சாகமாக ஆரம்பித்தார். “அண்ணாச்சி, ஜோசியரப் பாத்தாச்சு. ஒரு அருமையான நாளு...”

அந்த நேரம் பார்த்து அடித்த காற்றில் வலது காது உருண்டை எகிறிப் போய்ப் புழுதியில் விழுந்தது.

“போச்சு! போச்சு! எல்லாம் போச்சு!” என்று அலறினார் அய்யாதுரை.

நல்ல நாள் சொல்லும்போது காதில் விழ வேண்டிய வார்த்தையா இது? செந்தூர்பாண்டி போனை வைத்துவிட்டார்.

அடுத்து, கழுத்தில் மாலை போலக் கிடக்கும் ஒன்றை வாங்கினார். “இது பறக்கவே பறக்காது,” என்றாள் கீர்த்திகா. பறக்கவில்லைதான். ஆனால் சட்டைக் காலர் அதன் மைக்கின் மேல் அடித்த அடியில், எதிர்முனைக்குச் சரவெடி கொளுத்திப் போட்டதுபோல் கேட்டிருக்கிறது.

“நல்ல காரியம் பேசையில வெடிச்சுப் பாக்கீகளாக்கும்? பேசுறதுக்கு இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லிருங்க அண்ணாச்சி,” என்றார் செந்தூர்பாண்டி.

அன்று இரவு அய்யாதுரைக்குச் சோறு இறங்கவில்லை. மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றார்.

“இந்தாங்க, இதுக்கு மேல எங்க கடையில கிடையாது,” என்று கீர்த்திகா ஒரு பெரிய ஹெட்செட்டைத் தலையோடு சேர்த்து மாட்டிவிட்டாள். இரண்டு காதையும் இரண்டு பணியாரம் வைத்து மூடியதுபோல் இருந்தது. வெளிச்சத்தம் அத்தனையும் அடங்கிப்போயிற்று. கீர்த்திகா வாயசைத்தது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

காரில் போய்க்கொண்டே சம்பந்தியைக் கூப்பிட்டார். “இப்பத்தான் அண்ணாச்சி கணீர்னு கேக்கு!” என்று சிரித்தார் செந்தூர்பாண்டி. அய்யாதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட். மூடினால் லேசில் திறக்க மாட்டார்கள். செல்லக்கனி கணக்குப் பார்த்து அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். அவரும் எஞ்சினை அணைத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்.

கொட்டுவதற்கு நிறைய இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். பெண்ணைப் பெற்றவன் தன் விருப்பம் என்று ஒன்றை வாய்திறந்து சொல்லிவிட முடியுமா? சொன்னால், ‘இப்பவே இப்படியா?’ என்பார்கள். அதனால் சம்பந்தியிடம் எல்லாவற்றுக்கும் “உங்க இஷ்டம் அண்ணாச்சி” என்பார். மிச்சத்தைச் செல்லக்கனியிடம் சொல்லி ஆற்றிக்கொள்வார்.

“கனி, சம்மந்தியம்மா தங்கமானவுகதான். ஆனா அவுக குடுத்த காப்பி இருக்கே, பாத்திரம் கழுவுன தண்ணி தேவல!”

இன்னொரு நாள், “மாப்பிள்ளை லட்சணமான பையன். அந்த மீசைதான் ஒட்ட வச்சது மாதிரி இருக்கு,” என்றார்.

பிறகொரு நாள், “ஐப்பசியில கல்யாணமுங்காக. தீபாவளி சீசன்ல நான் லோடு ஏத்துவேனா, தாலிக்கு மஞ்சக் கிழங்கு தேடுவேனா? தையில வச்சா என்ன கெட்டுப் போச்சு?”

கேட்டில் நிற்கிறவர்களுக்குத் தம் கார் மேல் இத்தனை மோகம் இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. பைக்கில் வந்தவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். எதிர்ச்சாரியில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அய்யம்மாள், கூடையோடு இடம் மாறி அவர் கார்க் கதவை ஒட்டியே கடை போட்டுவிட்டாள். அவளும் சும்மா இருப்பதில்லை. விருதுநகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கும் அக்காவோடு எந்நேரமும் போனில்தான் இருப்பாள். பாவம், வெயிலில் கிடக்கிறாளே என்று அவரும் தினமும் ஒரு கட்டு வெள்ளரிப்பிஞ்சு வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதிசயம். அடுத்த தடவை விருதுநகருக்குப் போனபோது காபி திக்காக, நுரை பொங்க வந்தது.

“காப்பி இன்னைக்குத் தேவலையாண்ணே?” என்று சம்பந்தியம்மா ஒரு மாதிரிச் சிரித்தாள்.

மாப்பிள்ளை மழுமழுவென்று வழித்துவிட்டு வந்து கும்பிட்டார். செந்தூர்பாண்டியோ, “ஐப்பசி உங்களுக்குத் தோதுப்படாதுல்லா? தையில வச்சுக்கிருவோம்,” என்றார்.

அய்யாதுரை பூரித்துப் போனார். “எல்லாம் ஹெட்செட் வந்த ராசி,” என்று ஊரெல்லாம் சொன்னார்.

செல்லக்கனிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. “என்னங்க, அதை மாட்டுனா ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துறீக? எனக்குக் காது வலிக்கி.”

“நானா? நான் குசுகுசுன்னுல்லா பேசுறேன்!”

சந்தேகத்தோடு கீர்த்திகாவிடம் போனார். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நாலாவதாக ஒன்றை எடுத்தாள். “நேத்துத்தான் வந்துச்சு அண்ணாச்சி. காத்துச் சத்தம் அடங்கிரும். உங்க குரல் மட்டும் உங்க காதுல கேக்கும். தானாவே மெதுவாப் பேசுவீக.”

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருகிறார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் அய்யாதுரையின் நெஞ்சில் ஒரு பாரம் ஏறி உட்கார்ந்திருந்தது. கேட் மூடியிருந்தது. புது ஹெட்செட்டில் தம் குரல் தமக்கே கேட்டதும் அவர் கூச்சப்பட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“கனி, நாளைக்கு எல்லாம் முடிவாயிரும். ஒண்ணே ஒண்ணுதான் மனசுல கிடந்து அறுக்கு.”

“என்னங்க?”

“பட்டாசுப் பெட்டி லேபிளு நம்ம பிரீத்திகாதான் வரையுதா. ஆர்டர் பூராவும் அவதான் பாக்கா. விடிஞ்சா ‘அப்பா’ன்னுக்கிட்டு ஆபீசுல வந்து நிப்பா. கட்டிக் குடுத்ததும் விருதுநகர்லயே இருந்துருவான்னா, எனக்கு அந்தக் கம்பெனி எதுக்குட்டி? கூப்பிடு தூரந்தானே. கல்யாணத்துக்குப் பெறகும் அவ தினமும் வந்து கம்பெனியப் பாக்கட்டும்னு அவுக வாயாலே சொன்னா... நான் எப்படிட்டி கேப்பேன்?”

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு எஞ்சின் சத்தம்கூட இல்லை. பைக்கில் வந்தவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பஸ் டிரைவர் ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்திருந்தார். ரயில் போய், கேட்டும் திறந்து கிடந்தது. ஒரு வண்டி நகரவில்லை.

அய்யம்மாள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு எக்கி, தன் போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள்.

“கடைசியாச் சொன்னதக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க முதலாளி, எங்க அக்கா அவ போனைச் சம்மந்தியம்மா காதுலதான் வச்சிருக்கா, இன்னைக்கு அவுகளுக்கு ஒண்ணுமே கேக்கலையாம்.”