பரண் மேல் பாதரசம்

உயிரே போனாலும் பரணைக் காப்பது என்று அன்று காலை முடிவு செய்தேன். பரணில் இருந்தது ஃபியூஸ் போன டியூப்லைட்டுகள். அவற்றுக்குப் பின்னால், காட்டுப்பாக்கத்து அக்கா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த டின் நிறையக் கல்கல் பலகாரம், சர்க்கரைப் பாகில் புரட்டியது. எனக்குச் சுகர். டாக்டராவது இனிப்பைக் குறைக்கச் சொன்னார். என் மனைவி சகாயம்மாள் கண்ணிலேயே காட்டமாட்டாள்.

"இன்னாங்க, அந்த டியூபுங்கள குப்பைல போட்டுடறேன்."

"தொடாத சகாயம். உள்ள பாதரசம் கீது. ஒடஞ்சா ஆவியா வரும். நரம்புக்கு ஆவாது."

"தர்மாமீட்டர்ல பளபளன்னு ஓடுமே, அதுவா?"

"அதேதான்."

"எவ்ளோ இருக்கும்?"

"ஒரு பொட்டு."

"ஒரு பொட்டுக்கே நரம்பு பூடுமா? அப்ப எப்பிடித்தான் அத தூக்கிப் போடறது?"

அண்ணனூர் ரயில் ஷெட்டில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? "ஒடைக்கக் கூடாது. அட்டைக்கூட்டுல சொருவி, பேப்பர் சுத்தி எங்க ஷெட்டுக்கு அனுப்பணும். தனிப் பெட்டில வெச்சு கம்பெனிக்கே திருப்பிடுவோம்."

கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். கல்யாணமான நாளாக என் பேச்சை அவள் அப்படிக் கேட்டதில்லை. பூரித்துப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தால் பரண் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"நீங்க சொன்னாப்லயே கட்டி, உங்க ஷெட் ஸ்டோர்ல வேல செய்யற பக்கத்து ஊட்டு மணவாளன் அண்ணன்கிட்ட குடுத்துட்டேன். பின்னாடி ஒரு டின்னு கூட இருந்துச்சு. அதுலயும் பாதரசம் ஏறியிருக்கும்ல? சேத்தே அனுப்பிட்டேன்."

"மூடி இறுக்கமா இருந்தா எப்பிடி ஏறும்?"

"மூடி இறுக்கமா இருந்துச்சா? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சட்டையைக் கழற்றப் போய்விட்டேன்.

விடிந்ததும் முதல் ஆளாக ஷெட் ஸ்டோருக்கு ஓடினேன். மணவாளன் மீசையில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னான்:

"டியூபெல்லாம் பத்திரமா கீது அண்ணாத்தே. டின்னுதான் காலி. உனுக்கு சுகராமே, ஒண்ணுகூடக் குடுக்கக் கூடாதுன்னு தங்கச்சி சொல்லி அனுப்பிச்சுது."