உட்கார்ந்தவர்களின் மனநிறைவு

நெருப்பைக் கண்டதும் சக்கரத்தைக் கண்டதும் பெரிய விஷயம்தான். ஆனால் மனித குலம் முழுமை அடைந்தது, 'மிகவும் திருப்தி' முதல் 'மிகவும் அதிருப்தி' வரை ஐந்து கட்டம் போட்ட வினாத்தாளைக் கண்டுபிடித்த அன்றுதான். அந்தப் பெருமை கல்வராயன் மலை பஸ்ஸில் ஏறக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. குறையை நீக்கியவர் அபிநயா.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் வணிக மேலாண்மைப் பாடம் நடத்துபவர் அவர். வீடு மலைமேல். ஜூனுக்குள் 'முனைவர்' ஆகாவிட்டால் வேலை இல்லை என்று கல்லூரி அன்போடு தெரிவித்திருந்தது. வேலை போனால் அப்பாவின் மரவள்ளிக் கொல்லையில் களை பிடுங்க வேண்டியதுதான். தலைப்பு மட்டும் சுலபமாகக் கிடைத்தது: தான் தினமும் போய்வரும் 'மலைத்தென்றல்' பஸ்ஸில் பயணிகளின் மனநிறைவு.

வழிகாட்டி பேராசிரியர் கந்தசாமி ஆய்வு முறையியலில் கரை கண்டவர். சொந்தக் கார் வைத்திருந்ததால் பஸ் விஷயத்தில் முழு நடுநிலையோடு இருந்தார்.

"இன்னாம்மா, யார் யாரைக் கேக்கப் போற?"

"உக்காந்துக்கினு வரவங்க, நின்னுக்கினு வரவங்க, எல்லாரையும் சார்."

"நிக்கிறவங்க எப்படி எழுதுவாங்க?"

"நான் கேட்டு எழுதிக்கிறேன் சார்."

கந்தசாமி காதைப் பொத்திக்கொண்டார். "அபச்சாரம்! அவங்க கைப்பட டிக் அடிக்கணும். நீ எழுதினா உன் கருத்து கலந்துடும். ஒரு கையில கம்பி, ஒரு கையில பை. பேனாவ எங்க பிடிப்பாங்க? தரவே கோணலாயிடும்."

"நானே தினமும் நின்னுக்கினுதான் சார் வரேன்."

"அது அனுபவம். ஆய்வுல அனுபவத்துக்கு இடமில்ல."

பஸ்ஸிலும் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்த அபிநயா, ஜூன் மாதத்தை நினைத்து மூடிக்கொண்டார். அகப்பட்டவர்களைக் கேட்கும் இந்த முறைக்கு 'வசதி மாதிரி' என்று பெயர். யாருடைய வசதி என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ் மலை இறங்கியது. அபிநயா ஒரு கையால் கம்பியில் தொங்கிக்கொண்டு, மறு கையால் வினாத்தாள் வழங்கினார். அவர் விலாவில் முழங்கையைப் பதித்தபடி அம்சவள்ளி நின்றார். டவுனுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர். தினமும் பக்கத்துக் கம்பி.

"இன்னா அபி, எனக்கு ஒண்ணு குடேன்."

"உக்காந்தவங்களுக்குத்தான்க்கா."

"அவங்களுக்கு இன்னா கொறை? கொறையெல்லாம் எனக்குத்தான இருக்குது?"

"அது முறையியல்க்கா."

ஏதோ வியாதி போலிருக்கிறது என்று அம்சவள்ளி பரிதாபப்பட்டு, முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டார். உட்கார்ந்திருந்தவர்களோ, குறை சொன்னால் எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, 'மிகவும் திருப்தி'யில் பேனாவை அழுத்திக் குத்தினார்கள்.

கணினி சளைக்காமல் கணக்குப் போட்டது. பதிலளித்த பயணிகளில் நூறு சதவீதத்தினருக்கு இருக்கை கிடைக்கிறது! கந்தசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பரிந்துரைன்னு ஒண்ணு எழுதிடும்மா. அது இல்லாத ஆய்வேடு தாலி கட்டாத கல்யாணம்."

"இன்னா சார் எழுதறது?"

"சீட்டு ஜாஸ்தி இருக்குதில்ல? பஸ் நடைய கம்மி பண்ணலாம்னு எழுது. யார் படிக்கப் போறா?"

அபிநயாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. மே மாதமே 'முனைவர்' ஆனார்.

ஆனால் ஒருவர் படித்தார். மலைத்தென்றல் முதலாளி பழனி, டீசல் விலையை நினைத்துத் தூக்கம் கெட்டவர், கடைசி அத்தியாயம் வரை படித்தார். ஆய்வுலகில் இது அரிய நிகழ்ச்சி. படித்ததோடு நில்லாமல் உடனே நடைமுறைப்படுத்தியும் விட்டார்.

அன்று மாலை கல்லூரியில் பாராட்டு விழா. 'நடுநிலை' பற்றிக் கந்தசாமி பேசிக்கொண்டே போனதில் அபிநயாவுக்கு ஐந்து மணி பஸ் தவறிவிட்டது. பொன்னாடையோடு கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு ஓடினார். தூக்குவாளியும் கையுமாக அம்சவள்ளி பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. பழகிய இத்தனை காலத்தில் அன்றுதான் இருவருக்கும் சேர்ந்தாற்போல் உட்கார இடம் கிடைத்தது.

"ஏழு மணி வண்டி இன்னும் வரலையாக்கா?"

"இன்னியிலிருந்து நிறுத்திட்டாங்களாம். கான்கிரீட் வேல முடிய லேட்டாயி அஞ்சு மணி வண்டியும் போயிடுச்சி. வூட்ல பொண்ணு தனியா கீது." அம்சவள்ளி தூக்குவாளியை மடிக்கு இழுத்துக்கொண்டார். "எல்லாருக்கும் சீட்டு கெடைக்குது, வண்டி ஜாஸ்தின்னு யாரோ படிச்சவங்க எழுதிக் குடுத்தாங்களாம்."

அபிநயா பொன்னாடையை மெல்ல மடித்துப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். அது அடங்கவில்லை. அம்சவள்ளி பொன்னாடையைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார்.

"நீதானா அது?"

"நிக்கிறவங்களக் கேக்கக் கூடாதுன்னு முறை இருக்குதுக்கா..."

"என்னக் கேக்கல, சரி. தினம் என் பக்கத்துல ஒருத்தி நின்னுக்கினு வந்தாளே, அவளையாவது கேட்டியாடி?"