சத்தம் போடாத கிராபிக்ஸ் கார்டு

கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று சில வருடங்களுக்கு முன்புவரை நம்பிக்கொண்டிருந்தேன். (என் மனைவி செல்வியும் நம்பினாள். அதுதான் பரிதாபம்.)

மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு கேமிங் மானிட்டர் வந்திருந்தது. நொடிக்கு நூற்று அறுபத்தைந்து முறை படத்தை மாற்றிக் காட்டக்கூடியது. என் பழைய கிராபிக்ஸ் கார்டு அதில் பாதிக்கே மூச்சு வாங்கியது.

"மானிட்டர் வேகத்துக்குக் கார்டு படம் அனுப்பணும் செல்வி. இல்லேன்னா இதை வாங்கினதே வேஸ்ட்" என்று விளக்கினேன். அந்தக் கோடைக்குப் போவதாக இருந்த நைனிடால் பயணத்தை அவள் விட்டுக்கொடுத்தாள்.

மூன்று வாரம் ஆராய்ந்தேன். நேரு பிளேஸ் கடைக்காரர், "பாய் சாப், இந்த மானிட்டருக்கு சோட்டா வாலா காஃபி ஹை, சின்னதே போதும்" என்று சின்னக் கார்டு ஒன்றை நீட்டினார். அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பெரியதை எடுக்கச் சொன்னேன். மூன்று விசிறி, செங்கல் கனம். மெட்ரோவில் வழிநெடுக மடியை விட்டு இறக்கவில்லை.

சனிக்கிழமை நானே பொருத்தினேன். உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்குகள் எரிந்தன. கும்பிடாத குறை. மறுநாள் காலை மாடி வீட்டு மெஹ்ரா தம்பதியைத் தரிசனத்துக்கு அழைத்தேன். செல்வி கேசரி கிளறியிருந்தாள்.

திரையில் மலைப்பாதையில் கார் ஓடியது. கொஞ்சம் விட்டு விட்டுத்தான் ஓடியது.

"ஏன் ஜி, திக்குதே?" என்றார் மெஹ்ரா.

"அவ்வளவு நுணுக்கமா காட்டுது. கண்ணு பழகணும்" என்றேன். (நான் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.) "அதை விடுங்க, விசிறிச் சத்தம் கேக்குதா? காதை வச்சுப் பாருங்க!"

மெஹ்ரா பெட்டியில் காதை வைத்தார். அவர் மனைவியும் வைத்தார். துளிச் சத்தம் இல்லை. தொட்டால் சூடும் இல்லை.

"கமால் ஹை!" என்று வியந்தார் மெஹ்ரா. எனக்குப் புல்லரித்தது.

காலித் தட்டுகளை எடுக்க வந்த செல்வி மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, மானிட்டர் ஒயரு மேல இருக்கற ஓட்டையில போகுது. நீங்க வாங்கின சாமான் கீழல்ல இருக்கு? அதுக்கு ஒரு ஒயரும் போகலையே?"

'உனக்குப் புரியாது' என்று சொல்ல வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன். இதுவரை படம் காட்டியது கம்ப்யூட்டரோடு ஓசியில் வந்த சின்னச் சில்லு. நான் தேர்ந்தெடுத்த மகா கார்டு ஒரு நாள் முழுக்க விளக்கெரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

யார் முகத்தையும் பார்க்காமல் ஒயரைப் பிடுங்கிக் கீழே சொருகினேன். காட்சித் தரத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். விசிறிகள் மெல்ல உறுமின.

திரையில் கார் இப்போது திக்காமல் ஓடியது. மலைச்சரிவில் மழை இறங்கியது. ஈரத் தார்ச்சாலையில் முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு நீளமாக நெளிந்தது. காற்றடித்தபோது ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகச் சாய்ந்தது. மெஹ்ராவின் மனைவி தன்னையறியாமல் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அவமானத்தை மறந்து நானும் வாயைப் பிளந்து நின்றேன்.

"தள்ளுங்க, நான் ஓட்டறேன்" என்று செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். மதியம்வரை எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து நான் எதைப் புகழ்ந்தாலும் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். போன வருடம் அவள் சித்தப்பா மகளுக்கு நொய்டாவிலிருந்து ஒரு வரன் வந்தது. பெரிய கம்பெனி, சொந்த ஃபிளாட், கார் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். செல்வி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, ஒயரு எங்க போகுது?" என்றாள்.

விசாரித்தேன். மாப்பிள்ளை வேலையை விட்டு ஆறு மாதமாகியிருந்தது.