மேட்டு வளையில் ஏறிய வெள்ளம்

ஒரு காட்டில், ஆற்றுக்கு எட்டாத மேட்டில் தெய்வானை என்ற முயல் வளை தோண்டிக் குடியேறியிருந்தாள். போன வெள்ளத்தில் அவளுடைய குட்டிகள் மிதந்துவந்த ஒரு கட்டையில் உட்கார்ந்து விடிய விடிய நடுங்கின. அதற்குப் பிறகுதான் இந்த மேடு. "இந்தத் தடவை என் பிள்ளைங்க காய்ஞ்ச படுக்கையில படுக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்று கணவன் நல்லமுத்துவிடம் சொல்லியிருந்தாள்.

புயல் அறிவிப்பு வந்ததுமே வேலையில் இறங்கிவிட்டாள். வாசலில் மணல் மூட்டை அடுக்கினாள். கேரட்டைப் பரணில் ஏற்றினாள். மெழுகுவர்த்தி வாங்கி, போனுக்கு முழுசாகச் சார்ஜ் போட்டாள். வெள்ளமே வரப்போகிறது என்றாலும் இருக்கிற குடத்தில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைத்தாள். நம்மில் யார்தான் வைக்காமல் இருக்கிறோம்? கடைசியாகக் குட்டிகளுக்குக் காய்ந்த புல்லில் மெத்தை பரப்பியபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மெத்தையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். "நாங்க ரெடி. யாருக்காவது கஷ்டம்னா கூச்சப்படாம நம்ம வீட்டுக்கு வந்துடுங்க" என்று ஒரு மரியாதைக்கு எழுதியும் வைத்தாள்.

முயல் வம்சத்தில் சொந்தக்காரர்கள் அதிகம், கூச்சப்படுகிறவர்கள் குறைவு. ஆற்றில் தண்ணீர் ஏறுமுன்பே வளைக்குள் கூட்டம் ஏறிவிட்டது. பெரிய மாமனார் மெத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்தார்.

"நல்லா இருக்கும்மா. குட்டிங்கதானே, அப்படி ஓரமா ஒண்டிக்கும்."

ஓரத்தில் ஏற்கெனவே நாத்தனார் குடும்பம் இருந்தது. தெய்வானைக்கு வயிறு எரிந்தது. ஆனால் வாங்க என்று சொன்ன வாயால் போங்க என்று சொல்ல வரவில்லை. கணவனும் அவளுமாகக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் நிவாரண முகாமுக்கு நடந்தார்கள்.

முகாமுக்குப் பொறுப்பு ஆமை. "உங்க வீட்டுல எவ்வளவு தண்ணி?" என்று கேட்டது.

"தண்ணி வரலை சார்."

"அப்புறம் என்ன வந்துச்சு?"

"சொந்தக்காரங்க."

ஆமை பெருமூச்சு விட்டது. "அதுக்குத்தான் நான் ஒரு ஆள் படுக்கிற மாதிரி மட்டும் வீடு வெச்சிருக்கேன். உள்ள வாங்க."

உள்ளே சூடான பொங்கலும் காய்ந்த கோரைப்பாயும் இருந்தன. குட்டிகள் படுத்ததும் தூங்கிவிட்டன. தெய்வானை அவற்றைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. குழுவில் பெரிய மாமனார் எழுதியிருந்தார்: "இங்கு அனைவரும் நலம். கேரட் தீர்ந்துவிட்டது. தெய்வானை வரும்போது வாங்கி வரவும்."

நீதி: வெள்ளம் வருமுன் மெழுகுவர்த்தி வாங்கு, மணல் மூட்டை அடுக்கு, மறக்காமல் குடும்பக் குழுவை விட்டு வெளியேறு.