நாலு பாக்கெட் கோட்டு

வெள்ளைக் கோட்டின் இடது மார்பில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது விழுந்தது.

பல் டாக்டர் கோட்டில் ரத்தம் படுவது சகஜம்தான். டாக்டர் அதைப் போடுவதற்கு முன்பே படுவதுதான் சிக்கல்.

"மறுபடியும் நூலைக் கடிச்சீங்களா?" என்றாள் மனைவி, புடவைக்கு ஓரம் அடித்தபடியே.

"இல்லியே."

"ஈறுல ரத்தம் வருது, போய்க் காட்டுங்கன்னு சொன்னா காதுல ஏறுதா? உங்க சட்டைக்கு அளவெடுக்க டேப்போட கிட்ட வந்தா, வாடை ஆளைத் தள்ளுது."

"வலிக்கவே இல்ல. வலிக்காததுக்கு எதுக்கு வைத்தியம்? தேய்ச்சாதான் ரத்தம் வருது. அதான் தேய்க்கிறதையே விட்டுட்டேனே."

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உங்களுக்குத் தொழிலே போயிரும்."

ரெடிமேட் கடைகள் வந்ததிலிருந்து அவரிடம் வருவதெல்லாம் கிழிசலும் அறுந்த ஜிப்பும்தான். இந்தக் கோட்டு பிடித்துப்போனால் கிளினிக்கில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவர்தான் தைப்பார். நேற்று அவர் பட்டன் வாங்கப் போயிருந்தபோது வந்த ஆர்டர். மனைவிதான் வாங்கி வைத்தாள். துணி, அளவு எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். சாயங்காலம் அவரே நேரில் கொண்டுபோய், போட்டுப் பார்த்துச் சரிசெய்து தர வேண்டுமாம்.

ரத்தக் கறைக்கு எச்சில்தான் கைகண்ட மருந்து என்று தொழில் கற்ற காலத்தில் கேள்விப்பட்டிருந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தார். எச்சிலே சிவப்பாக வந்தது. கடுகு மிளகாயிற்று.

வெந்நீர் தொட்டுத் தேய்த்தார். மிளகு நெல்லிக்காயாகி, துணியோடு ஒட்டி உறவாடியது.

"ஒரு பாக்கெட் வெச்சு மூடிட்டா யாருக்குத் தெரியும்?"

அழகாகத்தான் வைத்தார். கடைசி முடிச்சைப் போட்டார். பழக்க தோஷம், கடித்தார். இப்போது வலது மார்பில் ஒரு புள்ளி.

இடதுக்குத் துணையாக வலதில் ஒரு பாக்கெட். அதை முடித்தபோது இடுப்பருகே ஒன்று தேவைப்பட்டது. அதையும் வைத்து முடித்தபோது கோட்டின் கையில் பேனா செருகும் பாக்கெட் ஒன்று. அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல் என்று ஒரு பொருள் கடையில் இருப்பது அவர் ஞாபகத்துக்கு வந்தது.

போட்டுப் பார்த்தார். "டாக்டரும் நம்ம உடம்புவாகுதான் போல. கச்சிதமா இருக்கு."

மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

கிளினிக்குக்குள் நுழையும்போது உதட்டை இறுக மூடிக்கொண்டார். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"வாங்கண்ணே, உங்களைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தோம்," என்றாள் உதவிக்கு நிற்கும் பெண். "அந்த நாற்காலியில உட்காருங்க."

"ம்ம்... ம்ஹூம்..." கோட்டை நீட்டினார்.

"அதை நான் வெச்சுக்கறேன். நல்லா சாஞ்சுக்கங்க."

நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. வாய் தானாகவே திறந்துகொண்டது. மெல்லிய கம்பி ஒன்று ஈறோரம் நடை பழகியது.

"பாக்கெட் இருக்கே," என்றது டாக்டரின் குரல். "எழுதிக்கோம்மா. இங்க ஒரு பாக்கெட். இடது பக்கம் ஒண்ணு. வலது பக்கமும் இருக்கு. நாலாவது பின்னால."

தையல்காரர் துள்ளி எழுந்தார். "டாக்டர், மன்னிச்சிருங்க. ரத்தத்தை மறைக்கத்தான் வெச்சேன். பிரிச்சு வேற துணி மாத்தித் தந்துடறேன்."

கம்பி அந்தரத்தில் நின்றது. "நான் உங்க ஈறைச் சொன்னேன். பல்லோரம் அழுக்குச் சேர்ந்து கல்லாயிருக்கு. அதனால ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகிப் பையாட்டம் ஆயிருக்கு. அதைத்தான் பாக்கெட்டுங்கறோம். வலிக்காது, அதான் யாரும் கவனிக்கிறதில்ல. அப்படியே விட்டா எலும்பு கரைஞ்சு பல்லு ஆடும்."

"காலர் மடிப்புல அழுக்குச் சேர்ற மாதிரியா?"

"அதே மாதிரிதான். ரத்தம் வருதுன்னு துவைக்கிறதையே நிறுத்திட்டீங்க."

"காப்பாத்த முடியுங்களா டாக்டர்?"

"எலும்பு இன்னும் கெட்டியா இருக்கு. நல்ல நேரத்துல வந்தீங்க. கல்லை எடுத்துடறேன். மெத்துனு இருக்கிற பிரஷ்ல, ஈறோரமா மெதுவா, ராத்திரியும் தேய்க்கணும். பல்லிடுக்கையும் சுத்தம் பண்ணணும். அப்பப்போ வந்து காட்டணும். நூலைக் கடிக்கக் கூடாது."

வேலை முடிந்து வாய் கொப்பளித்தபோது, நெடுநாள் கழித்துப் பற்களுக்கு நடுவே காற்று ஓடியது. தையல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கோட்டைப் போட்டுப் பாக்கறீங்களா?"

"எந்தக் கோட்டு?"

"போட்டுத்தான் பாருங்களேன் டாக்டர்," என்று உதவிப்பெண் எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் எழுந்து நின்றார். தையல்காரரின் தோளுக்குத்தான் வந்தார் அந்த அம்மாள். கோட்டுக்குள் ஆள் காணாமல் போனார். கை நுனியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"பாக்கெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றது கோட்டுக்குள்ளிருந்து குரல். "இதே மாதிரி என் அளவுக்கு ரெண்டு தைச்சுக் குடுங்க."

"நீங்க குடுத்த அளவுதானே டாக்டர் இது?"

உதவிப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நாங்க எங்கண்ணே குடுத்தோம்? உங்களை இந்த நாற்காலியில உட்கார வைக்க வீட்டு அக்கா கட்டின கதை அது. பாவம், அவங்களுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச அளவு ஒரே ஒருத்தரோடதுதான்."