போட்டோவில் ஒட்டிய சீட்டு

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரம் மனைவி, ஸ்பானிஷ் நோட்டுடன். எதிரே அவள் தம்பி, தட்டுடன். சுவரோரம் அவள் புருஷன் ரெக்கார்டு கிளார்க், சந்தேகத்துடன்.

ஒரு மாதமாக அவள் வீடெங்கும் சீட்டு ஒட்டிப் படித்தாள். அலமாரியில் 'மூடியது', ஜன்னலில் 'திறந்தது', பழைய ஜாடியில் 'உடைந்தது', எல்லாம் ஸ்பானிஷில். வினைச்சொல்லையே பெயரடையாக்குகிற பாடமாம். கிளார்க்கின் போட்டோவிலும் ஒரு சீட்டு இருந்தது. அகராதியைப் புரட்டினார். 'கல்யாணம் ஆனவர்.'

ஊரறிந்த சேதியை யாருக்காக ஒட்டியிருக்கிறாள்?

அவள் குளிக்கப் போனதும் நோட்டைத் திறந்தார். அதே மாதிரிச் சொற்கள் இப்போது துணைவினையோடு முடிந்த காலமாகியிருந்தன. அகராதியோடு மல்லுக்கட்டியதில் மூன்று வரி தேறியது. புருஷனை விட்டுவிட்டேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். பெட்டி கட்டியாகிவிட்டது.

போகப்போகிறேன் என்றாலாவது தடுக்கலாம். இவள் எல்லாவற்றையும் முடித்தல்லவா வைத்திருக்கிறாள்?

பதினெட்டு வருடக் குடித்தனம். கிளார்க் திறந்துகூடப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் ஒளித்தார். சாயங்காலமே வினை வந்தது.

"பெட்டி எங்க?"

"எதுக்கு?"

"ஒருத்தரை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியிருக்கும்."

"யாரை?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ்காரர், மூன்று வருடமாகத் தபால்தலை மாற்றிக்கொள்ளும் வெளிநாட்டு நண்பர்தான். கிளார்க் இங்கிருந்து வெறும் தபால்தலைகளை அனுப்புவார். அங்கிருந்து வருவதில் ஸ்டாம்பை மட்டும் ஊறவைத்து உரித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்காமல் செருப்புப் பெட்டியில் போடுவார். உறையில் இருக்கும் பெயர் ஆணா பெண்ணா என்று பிடிபடாது; ஆனாலும் ஸ்டாம்புக்காக இவ்வளவு மெனக்கெடுகிறவர் ஓய்வுபெற்ற கிழவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பெரியவர், நாலும் தெரிந்தவர்; ஒரு வழி சொல்லாமலா போவார்?

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முறைப்படி தேதி போட்டு, சொல் சொல்லாகக் கோத்தார். 'என் மனைவி என்னைவிட்டுப் போகிறாள். நான் தனியாகிவிட்டேன். இனி உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். உடனே வேண்டும்.' பதில் என்ற சொல் மட்டும் அகராதியில் கிழிந்த பக்கத்தில் போயிருந்தது. பரவாயில்லை, புரிந்துகொள்வார் என்று உறையை ஒட்டி, நோட்டில் படித்ததையும் சொல்லி, மச்சானிடம் கொடுத்தனுப்பினார்.

தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிய மச்சான், வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"அத்தான், அக்கா அந்த நோட்டுல சொந்தமா ஒரு வரிகூட எழுதலை. உங்க செருப்புப் பெட்டியில, உங்களுக்கு ஸ்டாம்பு அனுப்புற அந்தப் பொம்பளையோட லெட்டர் கிடக்கே, அதைப் பார்த்துத்தான் எழுதி அர்த்தம் கண்டுபிடிக்கிறா."